தலைப்பட்டை செய்பவர்களுக்கு: ஒரு பொய்ப் பொத்தானும் வையுங்கள்

வணக்கம்.

நெற்றியில் மாட்டும் பட்டையோ, காதைக் கவ்வும் கிளிப்போ, இரண்டு ஈர ஸ்பாஞ்சும் ஒரு சின்னப் பெட்டியுமோ, எந்த வடிவில் செய்தாலும் சரி, மண்டைக்கு வெளியிலிருந்து ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் மின்சாரம் கொடுத்து "உங்கள் நரம்பு மண்டலத்தை அமைதிப்படுத்துகிறோம்" என்று விற்கும் எல்லோருக்கும் இந்த மடல். யாரோ ஒருவரைக் குறி வைத்து எழுதவில்லை. என்னிடம் இருப்பது ஒரே ஒரு பட்டை. ஆனால் அதை வாங்குவதற்கு முன் பத்துப் பன்னிரண்டு விளம்பரங்களைப் படித்தேன், பெயரை மட்டும் மறைத்துவிட்டால் எது யாருடையது என்றே தெரியாது, அவ்வளவு ஒற்றுமை.

நான் ஏன் வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சும்மா குறை சொல்ல வந்தவன் என்று நினைப்பீர்கள். ராத்திரி படுத்ததும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் ஒன்றும் இல்லை. "டென்ஷனைக் குறைச்சுக்கோங்க" என்றார் டாக்டர். குறைப்பது எப்படி என்று கேட்டால் சிரித்தார். அந்த நேரத்தில்தான் உங்கள் ஆள் ஒருவரின் வீடியோ கண்ணில் பட்டது: மூளையின் முன்பகுதிக்கு லேசாக மின்சாரம் கொடுத்தால் தன்னியக்க நரம்பு மண்டலம் (நம்மைக் கேட்காமலே இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றைப் பார்த்துக்கொள்வது) சமநிலைக்கு வரும், இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு வலுவாகும், இருபது நிமிடம் போதும், அதற்கான சான்றை ஆப்பிலேயே பார்க்கலாம். அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் நான் விழுந்தேன்.

அந்தச் 'சான்று' என்னவென்று உங்களுக்குத் தெரியும். உட்காருவதற்கு முன் ஒரு எண், முடித்த பின் ஒரு எண். அடுத்தடுத்த இதயத் துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதை அளந்து அதை 'அமைதி மதிப்பெண்' ஆக்கிக் காட்டுகிறீர்கள். எனக்கு முதல் நாளே எண் ஏறியது. இரண்டாம் நாளும் ஏறியது. வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன்.

சந்தேகம் வந்தது மூன்றாவது வாரத்தில், அதுவும் தற்செயலாக. ஸ்பாஞ்சை உப்புத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, நெற்றியில் வைத்து, பட்டையை இறுக்கி, பொத்தானை அழுத்தி, கண்ணை மூடி உட்கார்ந்தேன். வழக்கமான குறுகுறுப்பு இல்லை. தோல் பழகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். இருபது நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது, ஒரு ஒயர் கழன்று தோளில் கிடக்கிறது, மின்சாரம் ஓடவே இல்லை. ஆனால் எண் ஏறியிருந்தது. அந்த வாரத்திலேயே அதிகமான எண் அதுதான்.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டேன். "ஸ்பாஞ்சில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்க்கவும்" என்று பதில் வந்தது.

சரி, அவர்களை விடுங்கள். நானே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: நீங்கள் சொல்லும் அடிப்படை கட்டுக்கதை இல்லை. மூளைப் புறணிக்கும் (மூளையின் மேலடுக்கு) இதயத்துக்கும் நடுவே உண்மையிலேயே வழி இருக்கிறது. முன்மூளை, அதற்கு அடியில் மடிந்து கிடக்கும் இன்சுலா, அமிக்டலா, ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதிகள், அங்கிருந்து மூளைத்தண்டு, மூளைத்தண்டிலிருந்து ஒரு பக்கம் வேகஸ் நரம்பு வழியாக இதயத்துக்கு, இன்னொரு பக்கம் தண்டுவடம் வழியாக, துடிப்பை முடுக்கும் பரிவு நரம்புகளுக்கு. நரம்பின் பிடியே இல்லாமல் விட்டால் நம் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது 70 சொச்சத்தில் நிற்பதற்குக் காரணம் வேகஸ் பிடித்து வைத்திருக்கும் கடிவாளம். அந்தக் கடிவாளம் மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் தளரும், விடும்போது இறுகும். உங்கள் அமைதி மதிப்பெண் பெரும்பாலும் அந்தத் தளர்வையும் இறுக்கத்தையும்தான் அளக்கிறது.

புறணியைத் தொட்டால் இதயம் கேட்கும் என்பதற்கும் நேரடிச் சாட்சி உண்டு. 1992ல் நரம்பியல் மருத்துவர் ஓப்பன்ஹைமரும் அவரோடு சேர்ந்தவர்களும், வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களின் இன்சுலாவை நேராகவே மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தார்கள். இடது பக்கம் தூண்டினால் துடிப்பு குறைவதும் வலது பக்கம் தூண்டினால் கூடுவதும் அதிகமாகத் தெரிந்தது. உங்கள் இணையதளங்களில் பாதி இதைத்தான் சுற்றிச் சுற்றி எழுதுகின்றன. ஆனால் அது மண்டையோட்டைத் திறந்து வைத்துச் செய்தது! நீங்கள் விற்பது தலைமுடிக்கு மேல் வைக்கிற ஸ்பாஞ்ச். நடுவில் தோல் இருக்கிறது, எலும்பு இருக்கிறது, மூளையைச் சுற்றித் தண்டுவடத் திரவம் இருக்கிறது. 2018ல் இறந்தவர்களின் உடல்களை வைத்து அளந்து பார்த்தபோது, வெளியே கொடுக்கும் மின்சாரத்தில் சுமார் முக்கால் பங்கு தோலிலும் எலும்பிலுமே சுற்றிக்கொண்டு போய்விடுகிறது என்று தெரிந்தது. 2 மில்லி ஆம்பியர் கொடுத்தால் மூளைக்குள் உண்டாகும் மின்புலம் பொதுவாக ஒரு மீட்டருக்கு ஒரு வோல்ட்டைக்கூடத் தொடுவதில்லை. அது ஒரு நரம்பணுவின் சவ்வு மின்னழுத்தத்தை ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகத்தான் நகர்த்தும், அந்த அணு தானாகச் செய்தி அனுப்புவதற்கோ பத்துப் பதினைந்து மில்லிவோல்ட் நகர வேண்டும். அதாவது இந்த மின்சாரம் எந்த அணுவையும் எழுப்புவதில்லை. ஏற்கனவே எழுந்திருக்கப்போகிறதைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளுகிறது. அவ்வளவுதான்.

அந்தத் தள்ளுதலுக்கு விளைவு இல்லை என்று நான் சொல்லவில்லை. 2000ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்ஷே, பவுலுஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1 மில்லி ஆம்பியரை வைத்தே கை அசைவுக்கான புறணிப் பகுதியின் தூண்டப்படும் தன்மையைக் கூட்டியும் குறைத்தும் காட்டினார்கள், இந்தத் துறை இன்று இவ்வளவு பெரிதாக நிற்பதற்கு அந்த ஒரு கட்டுரை பெரிய காரணம். ஆனால் அதே குழுவைச் சேர்ந்தவர்களே பின்னால் என்ன கண்டுபிடித்தார்கள் என்பதை நீங்கள் யாரும் போட்டுக்கொள்வதில்லை. 1 மில்லி ஆம்பியரில் புறணியை அடக்குகிற எதிர்முனை, 2 மில்லி ஆம்பியரில் 20 நிமிடம் கொடுத்தால் அதே புறணியைக் கிளப்பிவிட்டது. 13 நிமிடத்தில் கிளப்புகிற நேர்முனையை 26 நிமிடத்துக்கு நீட்டினால் அது அடக்கியது. கூட்டினால் கூடும், நீட்டினால் நிலைக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. உங்கள் ஆப்பில் 'அட்வான்ஸ்டு' என்று ஒரு பகுதி வைத்து, அளவையும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளப் பொத்தான் கொடுத்திருக்கிறீர்களே, அதை வடிவமைத்தவர் இதைப் படித்திருப்பாரா என்று எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை.

இதயத்துக்கே வருவோம். 2010ல் நெற்றி நடுவில் ஒரு முனையும் தலைக்கு வெளியே இன்னொரு முனையும் வைத்து ஆரோக்கியமானவர்களிடம் செய்த ஆய்வில் இதயத் துடிப்பு மாறுபாடு, மூச்சு, ரத்த அழுத்தம் எதுவும் மாறவில்லை. 2011ல் இடது பொட்டுப் பக்கம், இன்சுலாவுக்கு நேராக, 2 மில்லி ஆம்பியரை 20 நிமிடம் கொடுத்த இன்னொரு ஆய்வில் விளையாட்டு வீரர்களுக்கு மாற்றம் தெரிந்தது, பயிற்சி இல்லாதவர்களுக்குத் தெரியவில்லை. 2017ல் இப்படிப்பட்ட ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்த தொகுப்பாய்வு, மொத்தமாகப் பார்த்தால் துடிப்பு கொஞ்சம் குறைகிறது, மாறுபாடு கொஞ்சம் கூடுகிறது, ஆனால் காந்தத் தூண்டலுக்கு (தலைக்கு வெளியே காந்தப்புலத்தால் மூளையைத் தூண்டும் முறை) இருக்கும் வலு நீங்கள் விற்கும் நேர்மின்சாரத்துக்கு இல்லை என்றது. நீங்கள் எடுத்துப் போடுவது இரண்டாவது ஆய்வை, அதிலும் பாதியை. நான் விளையாட்டு வீரன் இல்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஆள்.

இப்போது என் உண்மையான கேள்விக்கு வருகிறேன். எண் ஏறுகிறது என்பது நிஜம். அது மின்சாரத்தால் ஏறியது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

நான் அந்த இருபது நிமிடத்தில் என்னவெல்லாம் செய்கிறேன் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். போனைக் கையில் எடுப்பதில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்காருகிறேன், அதுவே துடிப்பைக் குறைக்கும். கண்ணை மூடுகிறேன். உங்கள் ஆப்பில் ஒரு நீல வட்டம் விரிந்து சுருங்குகிறது, அதை மனதில் வைத்துக்கொண்டு மூச்சு விடுகிறேன். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது: நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்றால் 0.1 ஹெர்ட்ஸ், ரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் அனிச்சை ஊசலாடுவதும் கிட்டத்தட்ட அதே தாளத்தில்தான், இரண்டும் சேர்ந்துகொள்ளும்போது துடிப்பு இடைவெளி மாறுபாடு எகிறும். பட்டை வேண்டாம், பெட்டி வேண்டாம். நீங்கள் அந்த நீல வட்டத்தைத் தெரிந்தே வைத்தீர்களா, தெரியாமல் வைத்தீர்களா? இரண்டில் எது என்று சொன்னாலும் எனக்குச் சங்கடம்தான்.

அப்புறம் அந்த ஸ்பாஞ்ச். குளிர்ந்த ஈரத்தை நெற்றியில் வைத்தால் முகத்தின் உணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி போய், வேகஸ் இறுகி, துடிப்பு குறையும். தண்ணீரில் முகத்தை முக்கினால் வருகிற அதே அனிச்சை. தன்னியக்க நரம்புகளைச் சோதிக்க இதையே ஒரு பரிசோதனையாக வைத்திருக்கிறார்கள். நான் ஸ்பாஞ்சை நனைத்தது குழாய்த் தண்ணீரில் உப்புக் கரைத்து. ராத்திரி நேரத்தில் நல்ல ஜில்லென்று இருக்கும், ஒரு சொட்டு மூக்கின் ஓரமாக வழிந்து உதட்டில் உப்புக் கரிக்கும். மின்சாரத்துக்கு முன்பே அந்தச் சொட்டு தன் வேலையைத் தொடங்கியிருக்கலாம் இல்லையா?

மின்சாரம் ஓடும்போதுகூட, எது மூளை எது தோல் என்று பிரிப்பது லேசு இல்லை. 2019ல் வந்த ஒரு ஆய்வு, மாறுமின்சாரத்தால் மூளை நேராகத் தூண்டப்பட்டது என்று நினைத்த விளைவில் பெரும்பகுதி தோலில் உள்ள நரம்புகள் வழியாக வந்தது என்று காட்டியது. தோலை மரத்துப்போகச் செய்தால் விளைவு சுருங்கிவிட்டது. காதுக்குப் பின்னால் எலும்பில் முனை வைக்கும் மாடல் ஒன்றும் உங்களில் சிலரிடம் இருக்கிறது. அங்கே கொடுக்கும் மின்சாரம் உள்காதின் சமநிலை நரம்பைத் தொடும், அதனால்தான் சிலருக்கு நாற்காலி சாய்வது மாதிரி இருக்கிறது, குமட்டுகிறது. அந்த நரம்புக்கும் ரத்தக் குழாய்களை இறுக்கும் பரிவு நரம்புகளுக்கும் தனி இணைப்பு இருக்கிறது, நாம் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்வதில் அதற்கும் பங்கு உண்டு. 'அமைதி' என்று எழுதி விற்கும் பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. நீண்ட நேரம் உட்கார்ந்து சட்டென்று எழுந்தபோது எனக்கு ஒருமுறை கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மின்சாரத்தால் என்று சொல்ல மாட்டேன், உட்கார்ந்து எழுந்தால் யாருக்கும் வரலாம். ஆனால் 'மெதுவாக எழுந்திருங்கள்' என்று எழுத எவ்வளவு மை செலவாகும்?

ஒயர் கழன்ற கதைக்குப் பிறகு நானும் என் தங்கையும் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். இருபது ராத்திரி. நான் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவேன். மார்பில் தனியாக ஒரு பெல்ட் கட்டியிருப்பேன், துடிப்பைப் பதிவு செய்வது அதுதான், உங்கள் ஆப் இல்லை. நீல வட்டம் கிடையாது. அவள் பக்கத்து அறையில் காசைச் சுண்டிவிட்டு வருவாள். பொத்தானை எப்போதும் அழுத்துவாள், குறுகுறுப்பு எப்போதும் தொடங்கும். முதல் நிமிடம் முடிந்ததும், தலை விழுந்தால் அப்படியே விட்டுவிடுவாள், பூ விழுந்தால் மெதுவாகக் குறைத்து நிறுத்திவிடுவாள். ஆராய்ச்சிக்கூடங்களில் பொய்த் தூண்டல் கொடுப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான், தொடக்கக் குறுகுறுப்பை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். உங்கள் பெட்டியை நடுவில் நிறுத்தினால் 'கீங்' என்று கத்தும், அதற்காக அவள் ஸ்பீக்கர் ஓட்டையில் பஞ்சு அடைத்து டேப் ஒட்ட வேண்டியிருந்தது. முடிந்ததும் ஒரு தாளில் குறித்து மடித்து டப்பாவில் போட்டுவிடுவாள்.

டப்பாவைத் திறந்தபோது, ஓடியது 11 நாள், ஓடாதது 9 நாள். எண் ஏறிய நாட்கள் இரண்டு பக்கமும் இருந்தன, சராசரியை எழுதவே வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு பக்கத்தில். எண் இறங்கிய இரண்டு நாளில் ஒன்று, முந்தின ராத்திரி நான் தூங்காத நாள். மின்சாரம் ஓடியதா என்று நான் ஊகித்ததில் 13 சரி, 7 தவறு. இதில் சந்தேகத்தின் பலனை உங்களுக்கே தருகிறேன், எது ஓடியது என்று எனக்குத் துளியும் தெரியாத, முழுக்கக் கண்ணைக் கட்டிய சோதனை ஆகாது. ஒரே ஆள், இருபது நாள், வீட்டு நாற்காலி. இதை வைத்து உங்கள் கருவி வேலை செய்யாது என்று நான் சொன்னால் நானும் உங்களைப் போலவே ஆகிவிடுவேன். எனக்கு அதனால் ஒரு வேறுபாடும் இல்லை என்று வேண்டுமானால் சொல்லலாம், அதையும் கொஞ்சம் தயங்கித்தான்.

ஆனால் பாருங்கள், நானும் தங்கையும் பஞ்சும் டேப்பும் வைத்துச் செய்ததை நீங்கள் மென்பொருளில் நாலு வரியில் செய்துவிடலாம். அதைத்தான் கேட்க வந்தேன். உங்கள் ஆப்பில் ஒரு சோதனை முறை வையுங்கள். இருபது அமர்வு. எதில் மின்சாரம் ஓட வேண்டும், எதில் தொடக்கத்திலேயே அடங்கிவிட வேண்டும் என்பதைப் பெட்டியே சீட்டுக் குலுக்கட்டும். எனக்குச் சொல்ல வேண்டாம். இருபதும் முடிந்தபின் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள், கூடவே மூச்சு வேகத்தையும். மூச்சைப் பதியாமல் துடிப்பு மாறுபாட்டை மட்டும் காட்டுவது, அடுப்பைப் பார்க்காமல் பாலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி. நீல வட்டத்தை அந்த இருபது நாளுக்கு எடுத்துவிடுங்கள். குறுகுறுப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்றால் அளவைக் குறையுங்கள், ஊகிப்பது கொஞ்சம் கடினமாகலாம். பயனாளர்கள் சம்மதித்தால் அந்த எண்களையெல்லாம் பெயர் நீக்கி வெளியிடுங்கள், ஏறியதும் ஏறாததும். உங்கள் கருவி வேலை செய்கிறது என்றால் உங்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

'பாதுகாப்பானது, பயப்பட ஒன்றுமில்லை' என்று பதில் எழுதிவிடாதீர்கள், நான் அதைக் கேட்கவில்லை. 2016ல் 33,000 அமர்வுகளுக்கு மேல் திரட்டிப் பார்த்ததில், 4 மில்லி ஆம்பியருக்குள், 40 நிமிடத்துக்குள், கடுமையான தீங்கு எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதெல்லாம் ஆய்வு விதிகளின்படி, ஆள் பார்த்து, அளவு பார்த்துச் செய்தது. தலையில் உலோகம் இருக்கிறவர், பேஸ்மேக்கர் வைத்தவர், வலிப்பு வந்தவர், அடிக்கடி மயங்கி விழுகிறவர் என்று முன்கூட்டியே கேட்டுக் கழித்துவிடுவார்கள். உங்கள் ஆப் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி என் பிறந்த தேதி. அதே 2016ல்தான் 39 ஆய்வாளர்கள் கையெழுத்திட்டு, வீட்டில் தாங்களே மாட்டிக்கொள்கிற எங்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள்: நினைத்த இடத்தைத் தாண்டியும் மின்சாரம் பரவும், ஆளுக்கு ஆள் விளைவு மாறும், சிலருக்குத் தலைகீழாகவும் போகும், விளைவு எதிர்பார்த்ததைவிட நீண்ட நாள் நிற்கலாம் என்று. வாங்குகிறவனுக்கு எழுதினார்கள். விற்கிறவருக்கு யாரும் எழுதவில்லையே என்றுதான் நான் எழுதுகிறேன்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. காதுக் கிளிப் வகைக் கருவிகள் மனச்சோர்வுக்கு என்று விற்கப்பட்டால் மிகக் கடுமையான பிரிவில் வரும் என்று மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2019 டிசம்பரில் முடிவு செய்தது. பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் கொஞ்சம் இளக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2022ல், மருத்துவ நோக்கம் இல்லை என்று சொல்லி விற்கும் மூளைத் தூண்டல் கருவிகளையும் மேல் பிரிவுக்கு ஏற்றிவிட்டது. 'இது மருத்துவக் கருவி அல்ல, நல்வாழ்வுக் கருவி' என்று அட்டையின் அடியில் பொடி எழுத்தில் போட்டுக்கொள்கிறீர்களே, அந்தக் குடை ரொம்ப நாள் தாங்காது. அதற்கு முன் நீங்களாகச் செய்தால் மரியாதை.

பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. ராத்திரி படபடப்பு இப்போது பரவாயில்லை. படுப்பதற்கு முன் இருபது நிமிடம் கண்ணை மூடி உட்காருகிற பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது, அதற்கு உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். பட்டை மேசை இழுப்பறையில் இருக்கிறது, ஸ்பீக்கர் ஓட்டையில் பஞ்சோடு. அந்தச் சோதனை முறையை எப்போது அப்டேட்டில் அனுப்புகிறீர்களோ, அன்றைக்கே டேப்பை உரித்துவிட்டு மாட்டிக்கொள்கிறேன்.